கையடக்க ஒளிமானி: மாறாத பிழையும் மாறும் பிழையும்

ஒளியை அளந்து, ஃபிலிமில் எவ்வளவு ஒளி விழவிட வேண்டும் (எக்ஸ்போஷர்) என்று சொல்லும் பழைய ஒளிமானி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, அது சரியாகக் காட்டுகிறதா என்பதைத்தான். தொடர்ந்து ஃபிலிமில் படமெடுத்து வரும் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அது பிசகினால் எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவில் பிசகுகிறதா என்பது. எப்போதும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) குறைத்துக் காட்டும் மானியை, ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ டயலைச் சற்று நகர்த்திச் சரிக்கட்டிவிடலாம். வெயிலில் சரியாகவும் நிழலில் ஒன்றிரண்டு ஸ்டாப் தவறாகவும் காட்டும் மானிக்கு அந்த வழி இல்லை.

நண்பர் ஒருவர், தம் தந்தையார் ஸ்டுடியோவில் பயன்படுத்திய செலினியம் மானியைச் சோதித்துத் தரும்படி கேட்டார். செலினியம் கலம் தன்மேல் விழும் ஒளியிலிருந்தே மின்சாரம் உண்டாக்கி முள்ளை நகர்த்துவதால் அதற்கு பேட்டரி தேவையில்லை. ஆனால் ஈரம் புகுந்தாலோ, கலம் மூப்படைந்தாலோ அதன் திறன் குறைந்துவிடும். மேகமற்ற நடுப்பகலில் ஐஎஸ்ஓ 100க்கு லென்ஸ் துளை (அப்பெர்ச்சர்) எஃப் 16, ஷட்டர் 1/125 நொடி, அதாவது இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் எக்ஸ்போஷர் எண்ணில் ஈவி 15 என்று அது காட்டியது. நண்பருக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதே மானியைக் கோயிலின் தூண் மண்டபத்துக்குள் புதிய சிலிக்கான் மானி ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைவாகக் காட்டியது. நடுப்பகல் வெயில் என்பது நமக்கு ஏற்கெனவே அளவு தெரிந்த ஒளி. மானியின் உதவி உண்மையில் தேவைப்படும் இடமோ அந்த மண்டபம். ஆகவே எந்த மானியையும் வெயில், நிழல், அறையின் உட்புறம் என மூன்று நிலைகளிலாவது ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தளர்ந்த செலினியம் மானிகளை இன்னும் பலர் குறையின்றிப் பயன்படுத்தி வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒளியைக் குறைத்துக் காட்டும் மானி எக்ஸ்போஷரைக் கூட்டச் சொல்கிறது. நெகட்டிவ் ஃபிலிம் அந்த மிகையை இரண்டு ஸ்டாப் வரை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் மிகுந்தாலே வெளிச்சப் பகுதிகள் வெளுக்கத் தொடங்கிவிடும் என்பதால், மானியின் உண்மை நிலை அங்கேதான் வெளிப்படும்.

அடுத்து வந்த, பேட்டரியால் இயங்கும் சிடிஎஸ் (கேட்மியம் சல்ஃபைடு) மானிகளில் சிக்கல் பேட்டரியில் இருக்கிறது. நான் விரும்பிப் பயன்படுத்தும் காஸன் லூனாசிக்ஸ் 3, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிகள் இரண்டை நம்பி வடிவமைக்கப்பட்டது. பாதரச பேட்டரி தீரும்வரை ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தைத் தந்ததால், அக்காலத்து மானிகள் பலவற்றில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்று எதுவும் வைக்கப்படவில்லை. சுற்றுச்சூழல் காரணமாக அந்த பேட்டரிகள் விலக்கப்பட்டபின், அதே வடிவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் பலர் போட்டுவிடுகிறார்கள். அப்போது மானி ஒளியைக் கூட்டிக் காட்டுவதால் நெகட்டிவ் மெலிந்துவிடும்; அல்கலைனின் மின்னழுத்தமோ பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கிக்கொண்டே போவதால், இன்று கண்டறிந்த திருத்தம் அடுத்த மாதம் பொருந்தாது. சில்வர் ஆக்சைடு பேட்டரிகளின் 1.55 வோல்ட்டை 1.35க்கு இறக்கித் தரும் அடாப்டரை நான் பயன்படுத்துகிறேன். அதைப் பொருத்திய பிறகு என் மானி மண்டபத்திலும் வெயிலிலும் சிலிக்கான் மானியோடு ஒத்துப்போகிறது. காதுகேள் கருவிகளுக்கான 1.4 வோல்ட் துத்தநாகக் காற்று பேட்டரியும் நல்ல மாற்றுத்தான், ஆனால் அதன் ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

இரண்டு மானிகளை ஒப்பிடும்போது, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு முழுவதையும் பழுது என்று கொள்ளக் கூடாது. பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை அளக்கும் மானிகளை, அளந்த ஒளியை எக்ஸ்போஷராக மாற்றும் கணக்கில் செகோனிக் 12.5 என்ற மாறிலிக்கும், மினோல்டாவும் பென்டாக்ஸும் 14 என்ற மாறிலிக்கும் அளவுதிருத்தம் செய்தன. இதனால் மட்டுமே ஆறில் ஒரு பங்கு ஸ்டாப் வேறுபாடு வரும். வெஸ்டன் மாஸ்டர் II போன்ற பழைய மானிகளின் டயலில் இருப்பது வெஸ்டனின் சொந்த ஃபிலிம் வேக எண். ஏஎஸ்ஏ (இன்றைய ஐஎஸ்ஓ) 100 ஃபிலிமுக்கு அதில் 80 என்று வைக்க வேண்டும். பார்வைக் கோணமும் மானிக்கு மானி வேறுபடும் என்பதால், ஒரே சீராக ஒளி விழும் வெற்றுச் சுவரை அருகில் நின்று அளப்பதே நல்லது.

மானி சரியாக இருந்தும் படம் பிசகிய நிகழ்வும் ஒன்று உண்டு. வேறொரு நண்பருக்கு வெயிலில் எடுத்த ஸ்லைடுகள் எல்லாம் வெளிறியே வந்தன; அவர் மானியை மாற்றவே தீர்மானித்திருந்தார். வேட்டி கட்டியவரை வெயிலில் நிறுத்தி, மானியின் வெள்ளைக் குமிழை அவர் முகத்தருகே கேமராவை நோக்கிப் பிடித்து, விழும் ஒளியை அளந்தோம். வெண்ணிறத் துணி ஏமாற்றிவிடாமலிருக்க அதுவே ஏற்ற முறை. கிடைத்த அளவு எதிர்பார்த்தபடியே இருந்தது. பிறகு அவருடைய பழைய லென்ஸின் ஷட்டரைச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்தபோதுதான், 1/500 என்று குறித்த வேகம் உண்மையில் 1/250க்குச் சற்று மேலே மட்டுமே ஓடுவது தெரிந்தது. ஷட்டரைச் சுத்தம் செய்து எண்ணெயிட்ட பின், அதே மானியைக் கொண்டே அவர் ஸ்லைடு எடுத்து வருகிறார். அந்த உச்ச வேகம் இன்னும் முழுதாக எட்டாததால், 1/500 தேவைப்படும் இடங்களில் மட்டும் அப்பெர்ச்சரைச் சிறிது மூடிக்கொள்கிறார்.