மாடித்தோட்டத்தில் பொறிவண்டு தங்க என்ன செய்யலாம்?

தாம்பரம் மாடி:
பூச்செடி வெச்சா பொறிவண்டு வந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வரும், தேனைக் குடிச்சிட்டுப் போயிடும். தங்கி முட்டை வைக்கணும்னா அதோட சாப்பாடான அசுவினி, அதாவது குருத்துல கூட்டமா அப்பிச் சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி, இருக்கணும். நாலு அசுவினி கண்ணுல பட்டதும் வேப்பெண்ணெய் பாட்டிலைத் தூக்குற மாடியில அது குடும்பம் நடத்தாது.

அதுக்கு ஒரு வழி, ஓரமா ரெண்டு குரோ பேக்ல மக்காச்சோளம் போடுறது. 12 இன்ச் பைக்கு 3 விதை போதும். குருத்துலயும் ஆண்பூவுலயும் ஒரு அசுவினி வரும். அது புல் வகைப் பயிரை விட்டு தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பக்கம் போகாது. வண்டுக்கு அங்கே பந்தி, நம்ம காய்கறிக்கு ஆபத்தில்ல. மூணு வாரத்துக்கு ஒரு பை புதுசா விதைச்சா, பழசு காயும்போது அடுத்தது தயாரா இருக்கும். காராமணியிலயும் கறுப்பு அசுவினி மொய்க்கும், வண்டும் சீக்கிரம் வரும். ஆனா பக்கத்துல அவரை, மொச்சை இருந்தா காராமணி வேண்டாம். அதே அசுவினி தாவும், கூடவே தேமல் வைரஸையும் கொண்டுபோகும்.

தெருவோர எருக்கு, அரளியில மஞ்சள் அசுவினி அப்பியிருக்கிறதைப் பார்த்தா விட்டுடுங்க. அது காய்கறிக்கு வராது, தெருவுக்கே வண்டு அங்கேதான் பெருகுது.

மதுரை வாசகி:
அண்ணா சொல்றது சரி. ஆனா அசுவினி குறையுற நாளில் வண்டைப் பிடிச்சு வைக்கிறது பூவோட மகரந்தம்தான். கொத்தமல்லியை விட எளிதான செடி இதுக்கு இல்லை. விதையை ரெண்டா உடைச்சு, ஒரு ராத்திரி ஊறவெச்சு, அரை இன்ச் ஆழத்துல தூவுங்க. வெயில் காலத்துல கீரை தேறாம சீக்கிரமே பூத்துடுதுன்னு எல்லாரும் புலம்புவோமே, இந்த வேலைக்கு அதுதான் வசதி. 15 நாளைக்கு ஒரு தொட்டி விதைச்சா எப்பவும் ஒண்ணு பூவுல இருக்கும். சோம்பு, சதகுப்பை, கடுகு எல்லாம் இதே கணக்குதான். இந்தப் பூக்கள்ல தேன் ஆழமில்லாம மேலயே இருக்கு. அசுவினி மாதிரி பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கிற ஒட்டுண்ணிக் குளவிக்கும், புழுவா இருக்கும்போது அசுவினியைத் தின்கிற சிர்பிட் ஈக்கும் வாய் எட்டும். அடுக்கு செண்டுமல்லி பார்க்க அழகு, அவ்வளவுதான். ஒற்றை அடுக்கு நாட்டு ரகம் போடுங்க. தொட்டியில தானா முளைக்கிற வெட்டுக்காயப்பூண்டையும் ரெண்டு விட்டுவைங்க.

கோவை தோட்டம்:
ரெண்டு பேர் சொன்னதும் நல்லதுங்க. ஆனா வந்ததை நாமே கொன்னுடறோம்ங்க, அதுதான் பெரிய சேதம். பொறிவண்டுப் புழு கறுப்பா, ஆரஞ்சுத் திட்டோட, குட்டி முதலை மாதிரி இருக்கும். அதைப் பார்த்து நசுக்காத ஆளே கம்மி. இலைக்கு அடியில மஞ்சளா, நட்டு வெச்ச மாதிரி நிமிர்ந்து நிக்கிற முட்டைக் கூட்டம் பெரும்பாலும் அதோடதுங்க. மெல்லிசான நூல் காம்பு மேல ஒத்தை ஒத்தையா நிக்கிறது கண்ணாடி இறக்கைப் பூச்சி முட்டை. அசுவினிக் கூட்டத்துல சிலது உப்பி, பழுப்பா, காகிதம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா உள்ளே குளவி வளருது. அந்த இலையைக் கிள்ளாதீங்க.

கத்தரியில ஏமாறவும் கூடாதுங்க. பளபளப்பு இல்லாம, மங்கலா, நுண்ணிய முடியோட, 28 புள்ளி வரைக்கும் இருக்கிற வண்டு எபிலாக்னா. அது இலையோட பச்சையைச் சுரண்டித் தின்னு சல்லடையாக்கும். மஞ்சள் புழு, உடம்பு முழுக்க முள். அதைப் பொறுக்கி சோப்புத் தண்ணியில போடலாம்.

குளவியைச் சின்னதுன்னு நினைக்க வேண்டாங்க. 2008ல கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி, அதாவது வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சுற பூச்சி, தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு பரவுச்சு. 2010ல புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிச்சு விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே குளவிதான் அதை அடக்குச்சு.

திருச்சி செம்பருத்தி:
மாவுப்பூச்சின்னதும் என் முறை. செம்பருத்திக் குருத்துல வெள்ளைப் பஞ்சு நடுவே, மத்ததைவிடப் பெருசா, மெழுகு இழைகள் நீளமா இருக்கிற ஒண்ணைப் பார்த்தா ஈர்க்குச்சியால மெல்லத் தொடுங்க. மாவுப்பூச்சி மந்தமா கிடக்கும். விறுவிறுன்னு ஓடினா அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டோட புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. வளர்ந்தது கறுப்பு, தலையும் வால் நுனியும் மட்டும் செம்மஞ்சள்.

வண்டு வந்தும் மாவுப்பூச்சி குறையலைன்னா தண்டைப் பாருங்க, எறும்பு ஏறிக்கிட்டிருக்கும். மாவுப்பூச்சி வெளியேத்துற இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், வண்டைக் கடிச்சு விரட்டும். அதை நிறுத்தாம காசு கொடுத்து வண்டு வாங்கி விட்டாலும் வீண். தண்டில ரெண்டு இன்ச் அகலத்துக்குத் துணி டேப் சுத்தி, அதுமேல கிரீஸ் தடவணும். பட்டையில நேரா தடவினா பட்டை கெடும். அப்புறம் சுவரைத் தொடுற கிளையை வெட்டுங்க, ஒரு இலை தொட்டாலும் எறும்புக்குப் பாலம்தான். கூடவே 100 மில்லி தண்ணியில 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர் கலந்து, பஞ்சுல நனைச்சு, எறும்பு வழியில மூடியில வைக்கலாம். பவுடர் கூடினா வழியிலயே செத்துடும், கூட்டுக்குக் கொண்டுபோகாது. குழந்தை, பூனை எட்டாத இடத்துல வைங்க.

தாம்பரம் மாடி:
மருந்தைப் பத்தியும் சொல்லிடறேன். இயற்கைன்னா வண்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இல்ல. வேப்பெண்ணெய், சோப்பு, இஞ்சி பூண்டு கரைசல் எதுவும் புழு மேல பட்டா பாதிக்கும். முதல்ல தண்ணியைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவுங்க. அடங்கலைன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல், சாயங்காலம், பாதிச்ச குருத்துக்கு மட்டும். அடிக்கும் முன்னே இலையைத் திருப்பி முட்டை, புழு இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்தக் கிளையை விட்டுடுங்க. மஞ்சள் ஒட்டுப்பொறியை வருஷம் முழுக்கத் தொங்கவிடாதீங்க. வெள்ளை ஈ மட்டுமில்ல, குளவியும் அதுல ஒட்டிக்கும். மீனையும் வெல்லத்தையும் ஊறவெச்சு வளர்ச்சிக்குக் கொடுக்கிற மீன் அமிலமும் அளவோட. குருத்து தளதளன்னு வந்தா அசுவினி தாங்க முடியாத அளவுக்குப் பெருகும், வண்டு அதுக்கு ஈடு கொடுக்காது.