லினக்ஸ் கணினியிலிருந்து ஷார்ட்கட் வைரஸ் பரவுமா? தவறு என் கடையிலா?

அச்சுக்கடை_கும்பகோணம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2019இல் கடைக் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்கு மாற்றினேன். அதுவரை மாதத்துக்கு ஒரு தடவையாவது ஃபார்மட் போட ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும். மாற்றியதிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை. 'இங்கே வைரஸ் பயம் இல்லை' என்று அட்டையில் எழுதி கவுண்டரில் ஒட்டியும் வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை எம்.எஸ்சி. படிக்கும் ஒரு பொண்ணு கடைக்கு வந்து அழுதது. முந்தின நாள்தான் என்னிடம் புராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்திருந்தது. "அண்ணா, உங்க கடைல போட்டதுக்கு அப்புறம்தான் பென் டிரைவ்ல எல்லாம் ஷார்ட்கட்டா ஆயிடுச்சு. லேப்ல நாலு சிஸ்டத்துக்குப் பரவிடுச்சுன்னு திட்டுறாங்க." லினக்ஸில் வைரஸ் வராதும்மா, வேறு எங்காவது போட்டிருப்பாய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது வேறு எங்கும் போடவில்லை என்று சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நடந்தது இதுதான்: என்னிடம் கலர் பிரிண்டர் கிடையாது. மேலட்டையை மட்டும் கடைக்கென்று வைத்திருக்கும் பென் டிரைவில் ஏற்றி, பக்கத்துத் தெருவில் விண்டோஸ் வைத்திருக்கும் இன்னொரு கடையில் எடுத்து வருவேன். அங்கேயே அட்டையில் பெயரோ வருடமோ திருத்தினால், திருத்திய ஃபைலைக் கொண்டு வந்து வாடிக்கையாளர் டிரைவிலும் போட்டுக் கொடுப்பேன். அன்றும் அப்படித்தான். அவசரத்தில் கடை டிரைவில் இருந்ததை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அந்தப் பொண்ணின் டிரைவில் ஒட்டினேன்.

இப்போது கடை டிரைவைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பக்கத்திலேயே அதே பெயரில் ஒன்றிரண்டு கேபி அளவில் இன்னொன்று இருக்கிறது. பல மாதமாகவே அப்படி இருப்பதாக ஞாபகம். விண்டோஸ் சமாச்சாரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

இது என் கணினியிலிருந்து போயிருக்க முடியுமா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஆறு மாதம் முன்பு ஒரு பழைய பிரிண்டரின் டிரைவருக்காக, யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருந்த ஒரு வரியை டெர்மினலில் (கட்டளை எழுதும் விண்டோவில்) ஒட்டி, பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டினேன். அதனால் ஏதாவது வந்திருக்குமா?

டெபியன்_பிரியன் எழுதியது:

பயப்படாதீர்கள். அந்த ஷார்ட்கட் புழு விண்டோஸில்தான் ஓடும், உங்கள் மின்ட்டில் ஓடாது. உங்கள் கணினிக்குத் தொற்று இல்லை. லேபில் ஆன்டிவைரஸை ஒழுங்காக அப்டேட் செய்து வைக்காதது அவர்கள் தவறு. விண்டோஸ்காரர்களின் சுமையை லினக்ஸ் வைத்திருப்பவர் ஏன் சுமக்க வேண்டும்?

சர்வர்_அறை எழுதியது:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். நேராகச் சொல்கிறேன்: உங்கள் கடையிலிருந்துதான் போயிருக்கிறது. டெபியன் நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை.

இந்தப் புழு செய்வது இதுதான். டிரைவில் உள்ள ஃபோல்டர்களுக்கு 'மறைக்கப்பட்டது', 'சிஸ்டம்' என்று இரண்டு அடையாளம் போடும். அதனால் விண்டோஸ் அவற்றைக் காட்டாது. அதே பெயரில் ஷார்ட்கட் ஒன்றை வைக்கும். நாம் ஃபோல்டர் என்று நினைத்து அதைக் க்ளிக் செய்தால், ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் முதலில் ஓடும், பிறகு உண்மையான ஃபோல்டரும் திறக்கும். வழக்கம்போல் திறந்ததால் சந்தேகமே வராது. முன்பெல்லாம் டிரைவைச் செருகினாலே தானாக ஓடும் ஆட்டோரன் புழுக்கள்தான் அதிகம். 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டாவிலும் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கிய பிறகு, நம் கையாலேயே க்ளிக் செய்ய வைக்கும் இந்த வழி பரவலாயிற்று.

இப்போது உங்கள் மின்ட்டுக்கு வருவோம். அந்த 'மறைக்கப்பட்டது' என்ற அடையாளத்தை லினக்ஸ் கண்டுகொள்ளாது. ஃபோல்டர், ஷார்ட்கட், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிடும். நீங்கள் பார்த்த இரட்டை அதுதான். எல்லாமே கண்ணுக்குத் தெரிவதால், மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒட்டும்போது ஸ்கிரிப்ட்டும் சேர்ந்தே போகும். அந்த ஷார்ட்கட்கள் பெரும்பாலும் 'இதே டிரைவில் இருக்கும் இந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டு' என்று எழுதப்பட்டவை. எந்த டிரைவில் கொண்டுபோய்ப் போட்டாலும் வேலை செய்யும். பக்கத்துத் தெரு விண்டோஸில் தொற்றியதை உங்கள் கை, உங்கள் மின்ட் வழியாக, அந்தப் பிள்ளையின் டிரைவில் வைத்திருக்கிறது. இடையில் உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புழு மின்ட்டில் ஓடாதே.

அதனால்தான் 'விண்டோஸ்காரர்கள் பாடு' என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மெயில் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸைப் போட்டு விண்டோஸ் வைரஸ்களைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். எங்கள் சர்வருக்காக அல்ல, அந்த மெயிலைத் திறக்கப் போகிறவர்களுக்காக. உங்கள் கவுண்டர் ஒரு நாளைக்கு எத்தனை பென் டிரைவைப் பார்க்கிறது? அதுவும் ஒரு மெயில் சர்வர் மாதிரிதான்.

அந்தப் பிள்ளையின் ஃபைல்கள் போய்விடவில்லை, டிரைவிலேயே இருக்கும். உங்கள் மின்ட்டில் செருகுங்கள். ஷார்ட்கட்களையும் ஸ்கிரிப்ட்டையும் நீக்குங்கள். பெயரே இல்லாத, வெற்றிடம் போலத் தெரியும் ஒரு ஃபோல்டர் இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். சில ரகங்கள் எல்லா ஃபைலையும் அதற்குள்தான் தள்ளிவிடும். அப்புறம் 'ஃபேட்ஆட்டர்' என்ற சிறு கருவி மின்ட்டின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும், அதை வைத்து மறைப்பு அடையாளங்களை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் விண்டோஸில் டிரைவ் காலியாகத்தான் தெரியும், அந்தப் பிள்ளை மறுபடியும் பயந்துபோகும்.

கடைக் கணினியில் ஒயின் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) போட்டிருக்கிறீர்களா? பழைய தமிழ் எழுத்துரு மாற்றிகளுக்காகப் பல டிடிபி கடைகளில் போட்டிருப்பார்கள். இருந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். விண்டோஸ் நிரல் ஒன்றை இரட்டைக் க்ளிக் செய்தால் ஒயின் அதை ஓட்டிவிடும், ஒயினிலிருந்து பார்த்தால் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுக்கத் திறந்தே கிடக்கும். லினக்ஸில் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகியின் பாஸ்வேர்டு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று நம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எத்தனை பேருடைய ஆதார், பான், பேங்க் பாஸ்புக் கிடக்கிறது? அதைப் படிக்க ரூட் தேவையே இல்லை. உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலுக்கும் அது திறந்த வீடுதான்.

கடைசியாக அந்த யூடியூப் வரி. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டியிருக்கிறீர்கள், அதாவது இயந்திரத்தையே கையில் கொடுத்துவிட்டீர்கள். அது வெறும் டிரைவராகவே இருந்திருக்கலாம். ஆனால் ரூட்டாக ஓடியது தன் தடத்தையும் அழித்திருக்க முடியும், அதனால் தேடிப் பார்த்துவிட்டு 'சுத்தம்' என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. நானாக இருந்தால் மின்ட்டைப் புதிதாகப் போடுவேன், கடைக் கணினியில் பயன்படுத்திய எல்லா பாஸ்வேர்டையும் வேறொரு கணினியில் உட்கார்ந்து மாற்றுவேன்.

போடும்போது ஐஎஸ்ஓவின் (இறக்கும் நிறுவல் ஃபைலின்) செக்சம், அதாவது ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள். இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இறக்க இணைப்பை, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். மின்ட் குழு மறைக்காமல் உடனே அறிவித்தது, சரியான செக்சம்களையும் வெளியிட்டது. அந்த வாரம் நானும் இரண்டு கணினிகளுக்காக ஐஎஸ்ஓ இறக்கியிருந்தேன். என் இரண்டும் சரியாக இருந்தன, ஆனால் அந்த எண்களை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்ட சாயங்காலம் இன்னும் மறக்கவில்லை.

மேக்_டிசைனர்_கோவை எழுதியது:

சர்வர்_அறை ஐயா சொன்ன டெர்மினல் விஷயம் மேக்கிலும் அப்படியே. நான் 2010இலிருந்து மேக்கில்தான் டிசைன் வேலை செய்கிறேன். 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற ட்ரோஜன் 6 லட்சம் மேக்குகளுக்கு மேல் பிடித்தது. ஜாவாவில் இருந்த ஓட்டை அது. ஆரக்கிள் பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது, ஆப்பிள் தன் பங்குக்கு அடைக்க ஏப்ரல் ஆயிற்று. அந்த வருடம்தான், பிசி வைரஸ்கள் மேக்கைப் பிடிக்காது என்று ஆப்பிள் தளத்தில் இருந்த வரியும் போனது.

இப்போது ஓட்டையே தேவைப்படுவதில்லை. 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் போலிப் பக்கம் ஒன்று வரும். இந்த வரியை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுங்கள் என்று சொல்லும். ஒட்டினால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி ஒட்டி, பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரை போய்விட்டான். நான் தற்செயலாகப் பின்னால் நின்றதால் நிறுத்தினேன். அவனை யாரும் திட்டவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். திட்டியிருந்தால் அடுத்த முறை மறைத்திருப்பான்.

அண்ணா, உங்களுக்கு ஒரு யோசனை. மின்ட்டில் லாகின் விண்டோ அமைப்பில் விருந்தினர் அமர்வு என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து மெயில் திறக்க அதையே கொடுங்கள். வெளியேறியதும் அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

டெபியன்_பிரியன் எழுதியது:

சர்வர்_அறை சார், மொத்தமாகத் தேர்ந்தெடுத்தால் மறைந்ததும் சேர்ந்து போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. என் டிரைவைச் செருகிப் பார்த்தேன், விண்டோஸில் தெரியாத சிஸ்டம் ஃபோல்டர் இங்கே அப்படியே தெரிகிறது. நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

அச்சுக்கடை_கும்பகோணம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒயின் இருந்தது, எழுத்துரு மாற்றிக்காகப் போட்டதுதான். அதை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி மின்ட்டைப் புதிதாகப் போட்டேன், செக்சம் சரிபார்த்துத்தான். டவுன்லோட்ஸில் 2021இலிருந்து ஆதார் நகல்கள் கிடந்தன. எண்ண ஆரம்பித்து நானூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். அத்தனை பேரும் என்னை நம்பிக் கொடுத்தது. எல்லாவற்றையும் அழித்தாயிற்று. இனி தினமும் கடை மூடும்போது அழித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

அந்தப் பொண்ணைக் கல்லூரி வாசலில் பார்த்து, தப்பு என் பேரில்தான்மா என்று சொன்னேன். டிரைவை வாங்கிச் சுத்தம் செய்ததில் ரிப்போர்ட் முழுசாக இருந்தது. லேப் பொறுப்பாளரிடமும் நானே போய்ச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம் பக்கத்துத் தெருக் கடைக் கணினியையும் பார்த்துத் தருவதாகச் சொன்னார். அந்தக் கடைக்காரரும் சரி என்றுவிட்டார். கவுண்டரில் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்துவிட்டேன்.

மேலட்டையை இனி மெயிலில் அனுப்புவதாக ஏற்பாடு. டிரைவ் தந்தே ஆக வேண்டுமென்றால் ஃபைலை மட்டும் ஒவ்வொன்றாக நகலெடுக்கிறேன். கிளாம்ஏவியும் போட்டேன், ஆனால் ஒவ்வொரு டிரைவுக்கும் தொடங்கவே அரை நிமிடம் ஆகிறது, கல்லூரி விடும் நேரத்தில் வரிசை நின்றுவிடுகிறது. இதை வேகப்படுத்த வழி உண்டா? அப்புறம், 64 ஜிபி டிரைவ்களில் ஃபேட்ஆட்டர் வேலை செய்யவில்லை.

சர்வர்_அறை எழுதியது:

நல்லது தம்பி. கிளாம்ஏவியின் கிளாம்ஸ்கேன் கட்டளை ஒவ்வொரு முறையும் வைரஸ்களை அடையாளம் காணும் கையொப்பப் பட்டியல் முழுவதையும் புதிதாக ஏற்றும், தாமதம் அதனால்தான். கிளாம்டி சேவையைப் பின்னணியில் ஓடவிட்டு, கிளாம்டிஸ்கேன் மூலம் சோதியுங்கள். பட்டியல் நினைவகத்திலேயே இருக்கும், சில நொடியில் முடியும். ஒரு ஜிபிக்கு மேல் ராம் பிடிக்கும், கடைக் கணினியில் 4 ஜிபிதான் என்றால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம். 64 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் ஆனவை. அவற்றில் ஃபேட்ஆட்டர் பல கணினிகளில் வேலை செய்யாது. பக்கத்துத் தெருக் கணினி சுத்தமான பிறகு, அங்கே விண்டோஸின் ஆட்ரிப் கட்டளையால் மறைப்பு அடையாளத்தை எடுங்கள். அதுவரை ஃபைல்களை மின்ட்டுக்கு நகலெடுத்து, டிரைவை ஃபார்மட் செய்து, திரும்பப் போட்டுக் கொடுங்கள்.