ஓகேடி3 போட்டும் பாஸ்போ-ஸாப்-70 ஏறவில்லை, எங்கே கோளாறு?

கேள்வி:
மனித ரத்தத்திலிருந்து பிரித்த சிடி4 டி செல்கள் (மேற்பரப்பில் சிடி4 புரதம் உள்ள நோய் எதிர்ப்பு செல்கள்). ஓகேடி3 (டி செல் ஏற்பியோடு சேர்ந்த சிடி3-ஐப் பிடித்துத் தூண்டும் சுண்டெலி ஆன்டிபாடி) 5 மைக்ரோகிராம்/மி.லி., 37 டிகிரி, 10 நிமிடம். பிறகு சுழற்றி, கழுவி, ஃபிக்ஸ் செய்து, மெத்தனால் ஊற்றி ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி) ஓட்டினேன். பாஸ்போ-ஸாப்-70 (ஸாப்-70 என்ற சிக்னல் புரதத்தின் 319-ம் டைரோசினில், அதாவது ஒய்319-இல், பாஸ்பேட் ஏறிய வடிவம்) தூண்டாத குழாய் அளவிலேயே நிற்கிறது. எர்க் (ஸாப்-70-க்குக் கீழே வரும் சிக்னல் புரதம்) லேசாக நகர்கிறது, பிஎம்ஏ (ஏற்பியைத் தாண்டி செல்லைத் தூண்டும் வேதிப்பொருள்) போட்டால் நன்றாக ஏறுகிறது. ஸாப்-70 ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? அடுத்து தைமஸ் செல்களிலும் இதைச் செய்ய வேண்டும்.

பதில் 1:
பிஎம்ஏ குழாயை வைத்து அந்த ஆன்டிபாடியைக் குறை சொல்ல முடியாது. பிஎம்ஏ நேராக ராஸ்ஜிஆர்பி1 என்ற புரதம் வழியாக எர்க்கைத் தூண்டிவிடும். ஏற்பிக்கு அருகே வேலை செய்யும் எல்சிகே, ஸாப்-70, லாட் புரதங்கள் எதுவும் அதற்கு வேண்டாம். ஆன்டிபாடியைச் சோதிக்க பெர்வனடேட் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளான பாஸ்பட்டேஸ்களைத் தடுப்பது) போட்ட குழாய் ஒன்று வையுங்கள்.

கோளாறு நேரத்தில்தான் இருக்கிறது. ஸாப்-70 ஓரிரு நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். நீங்கள் 10 நிமிடம் விட்டு, சுழற்றிக் கழுவவும் செய்கிறீர்கள். அதற்குள் பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். 2-ம் நிமிடத்தில், சுழற்றாமல், 37 டிகிரிக்குச் சூடாக்கிய 4% பாராஃபார்மால்டிஹைடை அதே அளவு ஊற்றி 10 நிமிடம் வையுங்கள். எர்க்குக்கு 5 நிமிடத்தில் தனிக் குழாய்.

பதில் 2:
இன்னொன்றும் உண்டு. தனியாகப் பிரித்த சிடி4 செல்களில் ஓகேடி3-ஐப் பிடித்து நிறுத்த எஃப்சி ஏற்பி (ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிப்பது) உள்ள மோனோசைட் இல்லை. அதனால் ஐஸில் 15 நிமிடம் ஓகேடி3, ஒரு கழுவல், பிறகு 37 டிகிரியில் ஆட்டின் ஆன்டி-மவுஸ் ஐஜிஜி (சுண்டெலி ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடி) போட்டு இணையுங்கள்.

இங்கே பலர் வழுக்குவார்கள். சிடி4-ஐ முன்பே சுண்டெலி ஆன்டிபாடியால் சாயமிட்டிருந்தால், ஆன்டி-மவுஸ் அதையும் சிடி3-யோடு சேர்த்துக் கட்டும். சிடி4 எல்சிகே-வையும் கூடவே இழுத்து வரும், சிக்னல் பொய்யாக வீங்கும். பாஸ்போ ஆன்டிபாடியும் சுண்டெலியுடையது என்றால், செல்மேல் மிச்சமிருக்கும் ஆன்டி-மவுஸ் அதையும் பிடித்துக்கொள்ளும். சாயத்துக்கு முன் சாதாரண சுண்டெலி சீரம் போட்டுத் தடுத்துவிடுங்கள். பிஇ, ஏபிசி என்ற ஒளிரும் சாயங்கள் இரண்டும் மெத்தனாலில் வீணாகும். அவற்றை மெத்தனாலுக்குப் பிறகு போடுங்கள்.

பதில் 3:
தைமஸில் கவனம். ஒய்319 ஆன்டிபாடி பல, ஸாப்-70-இன் உறவுப் புரதமான சிக்கின் ஒய்352-ஐயும் பிடிக்கும். மனிதத் தைமஸ் செல்களில் சிக் கணிசமாக உண்டு. ஸாப்-70 இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் சிடி8 செல்கள் இல்லாமல் சிடி4 மட்டும் வெளிவருவதற்கு அதைத்தான் காரணமாகச் சொல்கிறோம். அந்த சிடி4 செல்களும் டிசிஆர் (டி செல் ஏற்பி) வழியாகச் சரிவர விழிப்பதில்லை. ஸாப்-70 நீக்கிய சுண்டெலியில் இரண்டுமே வராது. ஆகவே டபுள் பாசிட்டிவ் செல்களில் (சிடி4, சிடி8 இரண்டும் உள்ள தைமஸ் செல்கள்) தெரியும் ஏற்றத்தை ஸாப்-70 கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். ஸாப்-70-ஐத் தனியே இம்யூனோபிரெசிபிடேட் செய்து (ஆன்டிபாடியால் பிடித்துப் பிரித்தெடுத்து), பாஸ்போடைரோசின் ஆன்டிபாடியால் பிளாட் எடுத்து உறுதி செய்யுங்கள். பாஸ்பட்டேஸைத் தடுக்கும் ஆர்த்தோவனடேட் சேர்த்த லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) டிடிடி என்ற ஒடுக்கும் வேதிப்பொருள் வேண்டாம், வனடேட்டைச் செயலிழக்கச் செய்துவிடும்.