‘தி ஆபிஸ்’ வசனங்களைக் கொங்குத் தமிழில் எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் 2005 முதல் 2013 வரை 9 பருவங்களாக ஒளிபரப்பான ‘தி ஆபிஸ்’ நகைச்சுவைத் தொடரை, ஆங்கிலம் சரளமாக வராத எங்கள் பேக்கிங் பிரிவு நண்பர்களும் ரசிக்க வேண்டும் என்பதற்காக, சில காட்சிகளின் உரையாடலைக் கொங்குத் தமிழில் எழுதி வருகிறேன். 2007-இல் ரசிகர்கள் கதை நடக்கும் ஸ்கிராண்டன் நகரத்திலேயே திரண்டு விழா கொண்டாடிய தொடர் இது.

சிக்கல் விளிப்பில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் போதும். நமக்கோ, தொடரில் வரும் அலுவலக ஊழியர் ஜிம், பக்கத்து மேசை ஊழியர் டுவைட்டைச் சீண்டும்போது ‘வா, போ’ என்பது பொருந்துமா, ‘சொல்லுங்க, வாங்க’ என்று பணிவாகப் பேசியே சீண்டினால் சிரிப்பு கூடுமா என்று முடிவுசெய்ய இயலவில்லை. சிறியவர்களையும் ‘ங்க’ சேர்த்துப் பேசும் நம் பக்கத்தில் மரியாதையே கேலியாகவும் ஒலிக்கும் என்பது என் எண்ணம். ஆவணப்படம் போல எடுக்கப்பட்ட இத்தொடரில் பாத்திரங்கள் கேமராவை மௌனமாகப் பார்க்கும் இடங்களில் எதையும் எழுதவில்லை. அதுவே சரியென்று நம்புகிறேன்.

கோவை, ஈரோடு, கரூர்ப் பகுதி ரசிகர்கள் யாரேனும் முதல் 10 பக்கங்களைப் படித்து, பேச்சு இயல்பாக இல்லாத இடங்களைத் திருத்தித் தர இயலுமா?