புறா எச்சம் கூட்டினார், பத்து நாளாகத் தலைவலி

கானாடுகாத்தான் மருமகள்:
என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது. உடல் அதை ஒதுக்கிவிடாமல் இருக்க நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள், டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் வேளை தவறாமல் சாப்பிடுகிறார். போன மாதம் கொழுந்தன் திருமணத்துக்காக, எட்டு ஆண்டு பூட்டிக் கிடந்த வளவு வீட்டைத் திறந்தோம். இரண்டாம் கட்டு மாடி முழுக்கப் புறா எச்சம். சொல்லச் சொல்லக் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரே துடைப்பத்தை எடுத்துவிட்டார். இப்போது பத்து நாளாகத் தலைவலி. காய்ச்சல் 99.6க்கு மேல் ஏறவில்லை. பக்கத்து மருத்துவர் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார். மாமியார், கல்யாண அலைச்சல் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தேவகோட்டைக்காரன்:
ஆச்சி, நானும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவன்தான். அந்த 99.6ஐ நம்பாதீர்கள். பிரெட்னிசோலோன் காய்ச்சலை அமுக்கிவிடும். என் நுரையீரலில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தபோது காய்ச்சலே இல்லை. வறட்டு இருமல், மூச்சை இழுத்தால் விலாவில் ஒரு குத்து, அவ்வளவுதான். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் சளியில் இரத்தம். சிடி ஸ்கேனில்தான் முண்டு முண்டாகத் தெரிந்தது. அப்போது வீட்டில் பழைய காரைச் சுவரை இடித்துக்கொண்டிருந்தோம். நான் ஜமீன்தார் மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தத் தூசியை மேற்பார்வை பார்த்தேன்!

பூஞ்சை மருந்தை உள்ளூரில் யாராவது எழுதினால், மாற்று அறுவைக் குழுவைக் கேட்காமல் தொடங்காதீர்கள். வோரிகோனசோல் தொடங்கிய அன்றே என் டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காக்கினார்கள். இல்லையென்றால் அது இரத்தத்தில் ஏறி, வாங்கிய சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

காரைக்குடி ஆய்வகம்:
புறா எச்சம், விடாத தலைவலி என்றால் எனக்கு முதலில் தோன்றுவது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. மூச்சு வழியே போய் மூளை உறையைப் பிடிக்கும். குமட்டல், குழப்பம், பார்வை மங்கல் வரலாம். கழுத்து விறைப்பு இல்லாமலும் இருக்கும். இதற்கென்று, பூஞ்சையின் கூறு இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிஜென் பரிசோதனை உண்டு. முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்றே கிளம்புங்கள். (புறாவை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் உறங்கிய பூஞ்சையும் இப்படி விழித்துக்கொள்ளும்.)

பள்ளத்தூரான்:
2021இல் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சையா?

காரைக்குடி ஆய்வகம்:
இல்லை அண்ணன், அது மியூக்கர். முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கில் கருப்பாக வடிதல், இரட்டைப் பார்வை. சர்க்கரை நோயும் சேர்ந்தால் ஆபத்து கூடும். அதற்கு விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

கானாடுகாத்தான் மருமகள்:
அன்று இரவே மதுரைக்குப் போய்விட்டோம். புறாக் கதையைத்தான் முதலில் சொன்னேன். ஆன்டிஜென் பாசிட்டிவ். முதுகு நீரிலும் இருக்கிறது. ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து ஏற்றுகிறார்கள். தேவகோட்டை அண்ணன் சொன்னதையும் கேட்டேன்: பிறகு ஃப்ளூகோனசோலுக்கு மாற்றும்போது டாக்ரோலிமஸைக் குறைப்பார்களாம்.