மல்லாட்டைத் தோல் (நிலக்கடலை ஓடு) எரிகட்டை டை வாயிலேயே வெடிக்குது, என்ன செய்யலாம்?

குடியாத்தம்_கொல்லை:
மல்லாட்டைத் தோலும் கரும்புச் சோகையும் அரைத்துக் கலந்து 90 மி.மீ. பிஸ்டன் பிரஸ்ஸில் (தூளை டை என்ற அச்சுக் குழாய்க்குள் இடிச்சுத் தள்ளும் மெஷின்) எரிகட்டை போடுறோம். ஐப்பசி மழைக்கு அப்புறம் கட்டை குறுக்கே விரிசல் விடுது, சில நேரம் டை வாயிலேயே டப்புனு வெடிக்குது. பசைக்கு மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேர்க்கச் சொல்றாங்க. சரியா வருமா?

பாலாற்றங்கரை:
மொலாசஸ் வேண்டாம் அண்ணே. தோலில் இயற்கையாவே இருக்கிற லிக்னின் என்ற பொருளே பசைதான். அழுத்தத்திலும் உராய்வுச் சூட்டிலும் இளகிப் பிடிச்சுக்கும். வெடிக்கிறது நீராவி. அரைத்த தூளில் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்கணும். கூடினால் டைக்குள்ளேயே ஆவியாகி, போக வழியில்லாமல் கட்டையைப் பிளக்கும். ரொம்பக் காய்ஞ்சாலும் ஒட்டாமல் உதிரும்.

கையில் பிடிச்சுப் பார்த்து ஈரம் சொல்லாதீங்க. குவியலின் மேல், நடு, அடி மூணிலும் எடுத்துக் கலந்து 100 கிராம் நிறுத்து, 105 டிகிரி ஓவனில் எடை இறங்குவது நிற்கும் வரை வையுங்க. 88 கிராமில் நின்றால் ஈரம் 12. அடியில் எடுக்காமல் விட்டால் கணக்கே தப்பு, மழை ஈரம் அங்கேதான் தங்கும். 20 சதவீத ஈரமுள்ள 1 டன்னை 10-க்குக் கொண்டுவர 111 கிலோ தண்ணீர் போகணும். அடைமழையில் களத்தில் காயவைப்பதை நம்ப முடியாது, டிரையர் வேணும்.

குடியாத்தம்_கொல்லை:
நன்றிங்க. ஆரணி பக்கம் உமி மலிவா வருது. கலக்கலாமா?

அம்முண்டி_ரோடு:
கொஞ்சமா என்றால் சரி. உமியில் சாம்பலே ஏறக்குறைய 20 சதவீதம், அதில் பெரும்பகுதி சிலிக்கா. டையையும் ராமையும் (தூளை இடிக்கும் தண்டு) அரம் போட்ட மாதிரி தேய்ச்சுடும். சோகையையும் அளவோடு வையுங்க. அதிலுள்ள பொட்டாசியத்தால் சாம்பல் சீக்கிரம் உருகி, பாய்லர் கிரேட்டில் (எரிபொருள் எரியும் கம்பித் தட்டு) கட்டி தட்டும். ராணிப்பேட்டை டேனரிக்கு (தோல் பதனிடும் ஆலை) கொடுப்பதானால் அந்தப் புகார் முதலில் வரும்.

இன்னொண்ணு, மல்லாட்டைத் தோலின் வரிப்பள்ளத்தில் செம்மண் அப்பியிருக்கும். ஹேமர் மில்லுக்கு (அரைக்கும் மெஷின்) முன்னாடியே சலிச்சு எடுங்க, அரைச்ச பிறகு மண் பிரியாது. ஆணி, கம்பித் துண்டுக்கு மில் வாயில் ஒரு காந்தம் வையுங்க.

பாலாற்றங்கரை:
ஈரம் சரியான பிறகும் விரிசல் வந்தால் கூலிங் லைனை (டையிலிருந்து வரும் கட்டை ஆறிக்கிட்டே நகரும் தண்டவாளம்) பாருங்க. கட்டை சூடா இருக்கும்போதே வளைஞ்சாலும் ஒடிச்சாலும் குறுக்கே பிளக்கும். தண்டவாளம் டைக்கு நேர்கோட்டில் இருக்கணும். ஆறின கட்டையைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்க. தண்ணி பட்டால் ஊதி மறுபடி தூளாயிடும்.