இயற்பியலாளர் லிலியன் மெக்டெர்மட் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை நாடியது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் அறிவியல் கற்பித்தல் பாடம் நடத்துகிறேன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லிலியன் மெக்டெர்மட் (1931–2020), கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை இயற்பியல் கற்றல் பற்றிய ஆய்வுக்கும் ஆசிரியர்களை உருவாக்குவதற்கும் கொடுத்தது எதனால்? கல்வியியல் துறை இருக்கும்போது இயற்பியல் துறை ஏன் இப்பொறுப்பை ஏற்க வேண்டும்?

மறுமொழி 1:
இதற்கு வழி திறந்தவர் இயற்பியல் பேராசிரியர் ஆர்னல்ட் ஏரன்ஸ். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலிருந்து 1968இல் சியாட்டிலுக்கு வந்த அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கென நடத்திய பாடத்தில் மெக்டெர்மட்டும் இணைந்தார். அப்பாடத்தின் போக்கை அறிய ஒரு பயிற்சியைப் பார்த்தாலே போதும். ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பித்துண்டு ஆகியவற்றைக் கொடுத்து, பல்பை எரிய வைக்கச் சொல்வார்கள். பலர் பல்பின் அடிநுனியை மட்டும் கம்பியால் மின்கலத்தின் ஒரு முனையோடு இணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நுனி ஒரு முனையையும், பல்பின் பக்கவாட்டு உலோகம் கம்பி வழியாக மறுமுனையையும் தொட்டால்தான் எரியும் என்பதைத் தாமே கண்டறிந்த பின்னரே 'மூடிய சுற்று' என்ற சொல் அறிமுகமாகும். விரிவுரை கிடையாது, பயிற்றுநர் விடை சொல்லமாட்டார், அடுத்த கேள்வியைத்தான் கேட்பார். இந்த முறையில் அமைந்த பாடநூல் 1996இல் வெளிவந்தது.

மறுமொழி 2:
துறை பற்றிய உங்கள் கேள்விக்கு மெக்டெர்மட்டின் ஆய்விலேயே விடை இருக்கிறது. ஒரே மாதிரியான மின்கலங்களுடன் தனியாக ஒரு பல்பு, தொடரிணைப்பில் இரண்டு, பக்க இணைப்பில் இரண்டு என ஐந்து பல்புகளை வரைந்து, அவற்றை ஒளிர்வின்படி வரிசைப்படுத்தச் சொன்னபோது, நுண்கணிதத்தோடு இயற்பியல் பயின்ற பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தைச் செலவழித்துவிடுகிறது என்ற எண்ணம் சூத்திரங்களைக் கற்ற பிறகும் போகவில்லை. வழக்கமான வகுப்பில் கிடைக்காத தெளிவைக் கற்பித்தல் உத்திகள் மட்டும் ஆசிரியருக்குத் தந்துவிடாது. பாடப்பொருளையும் அதைக் கற்பிக்கும் முறையையும் ஒருசேரக் கொடுக்க வேண்டியிருந்ததால்தான் அவர் தம் குழுவை இயற்பியல் துறைக்குள்ளேயே அமைத்தார். கற்றல் பற்றிய ஆய்வுக்கு இயற்பியலிலேயே முனைவர் பட்டம் பெறவும் அங்கு வழி பிறந்தது. என் பார்வையில் அவரது பெரும் சாதனை இதுவே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு நிதானமாகச் சென்றால் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது?

மறுமொழி 1:
எல்லாப் பாடங்களையும் இப்படி நடத்த இயலாது. மின்சுற்று, நிலவின் பிறைகள் போன்ற சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு வாரக்கணக்கில் நேரம் கொடுங்கள். அப்படிப் பயின்ற ஆசிரியருக்கு, மாணவன் 'ஏன்?' என்று கேட்கும்போது புத்தகத்தைப் புரட்டாமல் மின்கலத்தையும் கம்பியையும் அவன் கையில் கொடுக்கும் துணிவு வரும்.